சாங்ஷன்: கொடுப்பதா, விதிப்பதா?

தில்லிக்கு நான் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிய காலத்தில் தினமும் பத்துத் தடவையாவது சொன்ன சொல் ‘சாங்ஷன்’. லீவு சாங்ஷன், வீட்டுக் கடன் சாங்ஷன்... காதில் விழுந்தாலே இனிக்கும்.

1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. உடனே இந்தியாவின் மீது அமெரிக்கா ‘சாங்ஷன்ஸ்’ என்று செய்தி வந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமி, “அமெரிக்காக்காரன் நமக்கு சாங்ஷன் பண்ணிட்டானாமே, எத்தனை கோடி?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வந்தது பணமல்ல, பொருளாதாரத் தடை!

சிரித்த எனக்கும் ஒருநாள் பாடம் கிடைத்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன் விடுமுறையில் வந்திருந்தபோது அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. அவனுடைய கம்பெனி விதிமுறையில், அனுமதித்த நாட்களுக்கு மேற்பட்ட ‘ஆப்சென்ஸ்’ சாங்ஷன் செய்யப்படும் என்றிருந்தது. “மாமா, சாங்ஷன் ஆகும்னுதானே போட்டிருக்கு?” என்றான். “ஆமாம்பா, தைரியமா இரு” என்றேன். பத்து நாள் கழித்துப் போனவனுக்குக் கிடைத்தது சம்பளப் பிடித்தமும் எச்சரிக்கைக் கடிதமும்.

ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் பேசுகிறது? புனிதமாக்குதல், உறுதிசெய்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லே இதன் வேர். ‘செயிண்ட்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். நம் சென்னை சாந்தோமின் முன்பாதியும் அங்கிருந்து வந்ததே. சட்டத்தை உறுதிசெய்வது இசைவு ஆயிற்று. அதை மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கும் ரோமானியச் சட்டத்தில் இதே பெயர். அதனால் தண்டனையும் ஆயிற்று. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக நாடுகளின் சங்கம் கொண்டுவந்த தடைகளுக்கும் இதுவே பெயர்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து நம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்கிறது சொல்லதிகாரம். அந்த அளவுகோலை ஆங்கிலத்துக்கும் வைத்துப் பார்த்தேன்.

வினை: சாங்ஷனைக் ‘கொடுத்தால்’ அனுமதி, ‘விதித்தால்’ தண்டனை. இனம்: கடன், லீவு, வரைபடம் பக்கத்தில் நின்றால் அனுமதி, அபராதம், எச்சரிக்கை பக்கத்தில் நின்றால் தண்டனை. சார்பு: எந்த இடத்தில் வருகிறது என்பது. மின்கட்டண பில்லில் வரும் ‘சாங்ஷன்டு லோடு’ நமக்கு அனுமதித்த மின்பளு. வங்கிப் படிவத்தில் ‘சாங்ஷன்ஸ் லிஸ்ட்’ என்றால் தடை செய்யப்பட்டோர் பட்டியல்.

அக்கா மகனின் விதிமுறைப் புத்தகத்தைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். அந்த வரி இருந்தது ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்ற தலைப்பின் கீழ். வரியைப் படித்த நான் தலைப்பைக் கேட்கவில்லை. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். தெரிந்த சொல்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது.