கடை இங்கே, ஓட்டு எங்கே? துறைமுகம் தொகுதியின் தேர்தல் கதை

சென்னை ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருக்கும் வணிகப் பெருமக்களிடம் "உங்கள் எம்.எல்.ஏ. யார்?" என்று கேட்டால், பலர் "கடைக்கா, வீட்டுக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கடை இருப்பது துறைமுகம் தொகுதியில். குடியிருப்பது அண்ணா நகரிலோ, வேப்பேரியிலோ, வளசரவாக்கத்திலோ. ஓட்டும் அங்கேதான். மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் நம்மிடம், "முப்பது வருஷமா இந்தத் தெருவிலே கடை. ஒரு எலக்ஷனுக்குக்கூட இங்கே ஓட்டுப் போட்டதில்லே" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கை நாம் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மண்ணடி இரும்பு, ஆண்டர்சன் தெருக் காகிதம், கோவிந்தப்ப நாயக்கன் தெரு, பர்மா பஜார் என்று பகலில் நிற்க இடமில்லாத வட்டாரம் இது. இரவு ஷட்டர் இறங்கியதும் பாதித் தெரு காலி. வாக்காளர் பட்டியல் எடுக்கப்படுவது அந்த இரவுக் கணக்கில்தான். அதனால்தான் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வாக்காளர்களைக் கொண்ட தொகுதிகளில் ஒன்றாகத் துறைமுகம் நெடுங்காலம் இருந்தது.

1977 முதல் 2006 வரை நடந்த எட்டுப் பொதுத்தேர்தல்களிலும் இங்கே வென்றது தி.மு.க.தான். இதைக் கேட்டால் அசைக்க முடியாத கோட்டை என்றுதான் தோன்றும். வித்தியாசத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 1989-ல் கலைஞர் மு. கருணாநிதி இங்கே முப்பதாயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வென்று முதலமைச்சரானார். இரண்டே ஆண்டு கழித்து 1991-ல் அதே தொகுதி, அதே வேட்பாளர், வித்தியாசம் 890. எதிர்த்து நின்றவர் காங்கிரசின் கே. சுப்பு. அந்த ஆண்டு தமிழகமெங்கும் அவருடைய கட்சி படுதோல்வி அடைந்தபோது தப்பிய, விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. பிறகு அவர் பதவி விலகியதால் இடைத்தேர்தலும் வந்தது.

1996-லிருந்து மூன்று முறை பேராசிரியர் க. அன்பழகன். 2001-ல் அவர் பெற்றது 24,225 ஓட்டு. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் தா. பாண்டியன் பெற்றது 23,889. வித்தியாசம் 336. 2006-ல் ம.தி.மு.க. வேட்பாளரை அவர் வென்றது 410 ஓட்டில். அந்த 410 ஓட்டில் வென்றவர்தான் மாநிலத்தின் நிதியமைச்சரானார். 2007 ஜனவரி 1 முதல் நம் பில் புத்தகங்களை மாற்றவைத்த மதிப்புக் கூட்டு வரி அந்த ஆட்சியில்தான் நடைமுறைக்கு வந்தது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவையும் அதை ஒட்டிய சந்துகளையும் சேர்த்து எண்ணினால் கடைகள் மட்டுமே 410-ஐத் தாண்டும் என்பது நம் எண்ணம். யார் வென்றிருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் கடைக்காரர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருந்தார்கள் என்பதே நம் கேள்வி.

2008 மறுசீரமைப்பில் பூங்கா நகர் தொகுதி நீக்கப்பட்டது. தொகுதிகளின் எல்லைகள் மாறி, 2011-ல் புதிய எல்லையில் தேர்தல் நடந்தபோது அ.தி.மு.க.வின் பழ. கருப்பையா வென்றார். 2016-லும் 2021-லும் தி.மு.க.வின் பி.கே. சேகர்பாபு. 336, 410 என்ற எண்ணிக்கைகள் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

வணிகருக்கென்றே சட்டசபையில் இடம் இருந்த காலமும் உண்டு. 1937-ல் கூடிய சென்னை மாகாண சட்டசபையின் 215 இடங்களில் 6 இடம் வணிகம், தொழில், தோட்டத் துறையினருக்கு ஒதுக்கப்பட்டது. தென்னிந்திய வர்த்தக சபைக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் அதில் பங்கு இருந்தது. ஏழைக்கு ஓட்டே இல்லாத நாட்களின் சலுகை அது. 1952-ல் எல்லோருக்கும் ஓட்டு வந்தபோது அது போனதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அதன்பின் நம்மில் பலர் தொழில் நடக்கும் இடத்தின் அரசியலைவிட்டே விலகிவிட்டோம். 1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கனி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோதும் சங்கங்கள் மனுக் கொடுத்தன, பேச்சு நடத்தின. அந்தத் தொகுதியின் வாக்காளர் என்று சொல்லிக்கொள்ள எத்தனை வியாபாரிகளால் முடிந்தது?

அதற்காகக் கடை முகவரியில் பெயர் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில்தான் வாக்காளராகப் பதிய முடியும். இடம் சொந்தமாக இருப்பது மட்டும் போதாது. இரண்டு தொகுதிகளில் பெயர் இருப்பதும் தவறு. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

நாம் மறந்துபோகும் ஓர் ஆள் கணக்கு இருக்கிறது. கடை மாடியிலும் பின்கட்டிலும் தங்கி வேலை பார்க்கும் பையன்கள் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் தவிர ஆண்டு முழுவதும் இங்கேதான் இருக்கிறார்கள். சட்டப்படி இங்கே பதிய உரிமை உள்ளவர்கள் இவர்கள்தான். இருப்பிடம் மாறியதற்கான படிவம் எண் 8-ஐக் கொடுத்தால் ஊரில் உள்ள பெயர் இங்கே மாறும். மாற்றுவதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். முதலாளி வற்புறுத்தக் கூடாது. ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொள்பவருக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டும் என்பது 1996 முதல் சட்டம். மீறினால் 500 ரூபாய் வரை அபராதம்.

அண்ணாச்சி கடையில் ஏழு பையன்கள். விசாரித்ததில் ஐந்து பேருடைய ஓட்டு ஊரில் இருக்கிறது. ஒருவனுக்கு இன்னும் வயது வரவில்லை. ஏழாவது ஆள் பதினொரு வருடமாக இதே மாடியில் இருக்கிறார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.