சுவரின் நிறமும் வீட்டின் நிம்மதியும்



யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி. அங்கே புது வீடு கட்டிய ஒரு குடும்பத்தில் வழக்கு. "பால் வெள்ளைதான் அடிக்க வேணும்" என்றார் மாமி. "மணல் நிறம்தான் நல்லது மாமி, பிள்ளைகளின் கையழுக்குத் தெரியாது" என்றார் மருமகள். "மௌலவி, நீங்களே சொல்லுங்கள்" என்று இரண்டு வர்ண அட்டைகளையும் என்னிடம் நீட்டினார்கள். அறைக்குள் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன!

முற்றத்து வெயிலில் பிடித்தபோதுதான் விளங்கியது. பால் வெள்ளையில் மஞ்சள் சற்றே கலந்திருக்கிறது. மணல் நிறத்தில் கபிலம். சுவரின் நிறம் டின்னில் மட்டும் இல்லை. அதில் விழும் வெளிச்சத்திலும் இருக்கிறது. சிவப்புச் சீமெந்துத் தரை சுவரையும் சிவக்கக் காட்டும். மஞ்சள் பல்பின் கீழ் பால் வெள்ளையும் மஞ்சளிக்கும்.

ஆகவே அட்டையை நம்பாதீர்கள். இரண்டடிப் பலகைகள் இரண்டில் இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் பெரும்பாலும் சற்றுக் கருக்கும். காலையிலும், ளுஹரிலும், மஃரிபுக்குப் பின் விளக்கொளியிலும் பாருங்கள். இன்னொன்று: புதுச் சாந்து காய ஏறக்குறைய நான்கு வாரம் பொறுங்கள். தீவுப் பகுதியில் உவர் நீரும் கடற்காற்றும் சுவரில் உப்புப் பூக்க வைக்கும். மணல் நிறத்தில் அந்த வெள்ளைப் பூப்பு எடுப்பாகத் தெரியும். பால் வெள்ளையில் கையழுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு.

பார்த்தபின் மஷூரா செய்து ஒன்றைத் தீர்மானியுங்கள். அத்தோடு பேச்சை முடியுங்கள். பசுவை அறுக்கச் சொன்னபோது வயதென்ன, நிறமென்ன என்று கேட்டுக் கேட்டுத் தம் காரியத்தைத் தாமே கடினமாக்கிக் கொண்டவர்களின் வரலாறு ஸூரத்துல் பகராவில் நமக்குப் பாடமாக இருக்கிறதே!

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வீடுகளை அப்படியே விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2006 இல் அல்லைப்பிட்டி மக்களும் போருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினார்கள். சுவரே இல்லாமல் அகதி முகாம்களில் வாழ்ந்தவர்கள் எத்தனை பேர்! சொந்தச் சுவர் கிடைப்பதே அல்லாஹ்வின் பெரும் நிஃமத். அதன் நிறத்துக்காக மாமியும் மருமகளும் முகம் திருப்பலாமா?

அந்த வீட்டில் கூடத்துக்குப் பால் வெள்ளை, பிள்ளைகளின் அறைக்கு மணல் நிறம் என்று முடிவாயிற்று. மாமியே மருமகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

நம் இல்லங்களை அல்லாஹ் நிம்மதியின் இல்லங்களாக ஆக்குவானாக. ஆமீன்.