சைகை மொழியும் உரைபெயர்ப்பும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

பேச்சொலியே மொழி என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிவந்தது. 1880 இல் மிலான் நகரிற் கூடிய சர்வதேச மாநாடு, செவிப்புலனற்றோர் கல்வியில் வாய்மொழிப் பயிற்சியையே ஏற்றுச் சைகையைப் புறந்தள்ளியமை இதன் விளைவாகும். 1960 இல் வெளிவந்த வில்லியம் ஸ்டோக்கோவின் ஆய்வு இதனைத் தகர்த்தது. கைவடிவம், அது அமையும் இடம், அசைவு ஆகியன ஒலியன்களைப் போன்று பொருளை வேறுபடுத்துவதை அமெரிக்கச் சைகை மொழியில் அவர் எடுத்துக்காட்டினார். எனவே சைகை மொழி பேச்சுமொழியின் நிழலன்று. தனக்கென இலக்கணமுடைய மொழியாகும்.

எனினும், எல்லாச் சைகையும் முழுமையான மொழியாகிவிடுவதில்லை. செவிப்புலனற்ற பிறரைக் காணாது லயத்திலேயே வளரும் பிள்ளை, தன் குடும்பத்தாரோடு உருவாக்கிக்கொள்வது வீட்டுச் சைகை. 1977 இல் நிக்கராகுவாவின் தலைநகரில் இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தொடங்கப்பட்டபின், அவர்தம் வீட்டுச் சைகைகள் கலந்து புதியதொரு மொழி பிறந்தது. மொழி சமூக உறவின் விளைபொருள் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

உரைபெயர்ப்பாளராக விழைவோர் இவ்வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். பதுளையில் நிகழும் தொழில் விசாரணையொன்றில், செவிப்புலனற்ற தொழிலாளி ஒருவர் தமக்கு 'அரைப்பேர்' போடப்பட்டதாக முறையிடுகிறார் எனக் கொள்வோம். குறித்த நிறையளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைநாட் சம்பளம் வழங்குவதையே இச்சொல் சுட்டும். தோட்ட வாழ்வை அறியாதவர் 'பாதிப் பெயர்' என்று பெயர்த்தால் முறைப்பாடே பொருளற்றுப்போகும். சொல்லையன்று, கருத்தையே பெயர்த்தல் வேண்டும்.

விசாரணை சிங்களத்தில் நடைபெறுமாயின், வீட்டுச் சைகையிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்குமாக இரு பெயர்ப்புகள் தேவைப்படும். வீட்டுச் சைகையை அறிந்த உறவினரின் துணை இங்கு இன்றியமையாததாயினும், பாசத்தினால் அவர் தாமே பதிலிறுத்துவிடவும் கூடும். உரைபெயர்ப்பாளரோ தம் கருத்தைச் சேர்க்காது, எதனையும் விடாது, தொழிலாளி 'நான்' என்பதை 'நான்' என்றே உரைத்தல் வேண்டும். அறிந்த இரகசியத்தைக் காத்தலும் அவர் கடன்.

பேச இயலாத சாட்சி சைகையால் அளிக்கும் சாட்சியத்தை வாய்மொழிச் சாட்சியமாகவே 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்கின்றது. தொழில்சார் சைகை மொழி உரைபெயர்ப்பாளரின் சேவையை வலியுறுத்தும் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்புறுதி செய்தது. ஆயின், சைகையின் பொருளைப் பிழையின்றிக் கொண்டுசேர்ப்போர் இல்லாதவிடத்து இவ்வுரிமைகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும். ஆகவே ஊவாவுக்கான உரைபெயர்ப்புப் பயிற்சி, கைகளின் இலக்கணத்தோடு தோட்ட மக்களின் வாழ்க்கையையும் பாடமாகக் கொள்ளுதல் அவசியமாகும்.