தன்னைத் தானே அச்சிடும் இயந்திரம்

தன் பாகங்களைத் தானே அச்சிட்டுத் தரும் முப்பரிமாண அச்சு இயந்திரம் ரெப்ராப். தன்னைப் பெருக்கிக்கொள்ளும் இயந்திரம் சாத்தியமே என்று ஜான் வான் நியூமன் 1940களிலேயே கணக்கால் காட்டியிருந்தார். அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவரும் திட்டத்தை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கியவர் பொறியியலாளர் ஏட்ரியன் போயர்.

இதில் சுருளாக வரும் பிளாஸ்டிக் இழையை ஒரு பற்சக்கரம் பிடித்துச் சூடான முனைக்குள் தள்ளும். சோள மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. இழை என்றால் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூடு போதும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே உருகி வரும் பிளாஸ்டிக், கணினி சொல்லும் பாதையில் கோடு கோடாகப் படிந்து உடனே இறுகும். ஒரு படலம் முடிந்ததும் அதன்மேல் அடுத்தது. கைக்கு அடக்கமான ஒரு பாகம் உருவாகவே சில மணி நேரம் பிடிக்கும்.

முதல் வடிவத்துக்கு டார்வின் என்று பெயர். 2008 மே 29 அன்று அதன் 'குழந்தை' முழுமை பெற்றது. சில நிமிடங்களிலேயே அந்தக் குழந்தை அடுத்த இயந்திரத்துக்கான பாகத்தை அச்சிடத் தொடங்கியது.

'தானே' என்பதற்கு எல்லை உண்டு. திருகாணிகளை விட்டுவிட்டால், டார்வின் அச்சிட்டது தன் பாகங்களில் ஏறத்தாழப் பாதியைத்தான். மோட்டார், இரும்புக் கம்பி, மின்சுற்றுப் பலகை எல்லாம் கடையில் வாங்க வேண்டியவை, பொருத்துவதும் மனிதர்தான். போயர் இதைக் குறையாகக் கருதவில்லை. பூ தேன் தருகிறது, தேனீ மகரந்தம் சுமக்கிறது. அதுபோல இயந்திரம் பொருள் தரும், மனிதர் அதன் இனம் பெருக உதவுவார் என்றார்.

வரைபடங்களை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டதுதான் அவர் செய்த மிகப் பெரிய காரியம். இவ்வகை அச்சுமுறையின் அடிப்படைக் காப்புரிமையும் 2009இல் காலாவதியானது. பல லட்சம் ரூபாய்க்கு விற்ற கருவி, பத்தாண்டுக்குள் சாதாரண மடிக்கணினியைவிட மலிவாகக் கிடைத்தது. செக் நாட்டின் யோசெப் புரூஷா எளிமையாக்கிய வடிவம் உலகெங்கும் பரவியது. 2020 பெருந்தொற்றின்போது அவரது நிறுவனம் மருத்துவர்களுக்கு முகத் தடுப்புக் கவசங்களை அச்சிட்டுத் தந்தது. இதே எளிமைக்கு ஆபத்தான முகமும் உண்டு: 2013இல் அமெரிக்காவில் அச்சிடக்கூடிய துப்பாக்கியின் வரைபடம் இணையத்தில் ஏற்றப்பட்டது.

தொழிற்சாலைகளை இது மூடிவிடாது. ஒரே மாதிரி ஆயிரம் வாளி வேண்டுமென்றால் அச்சு வார்ப்புதான் மலிவு. ஆனால் கடையில் கிடைக்காத ஒற்றைக் குமிழுக்காக, நன்றாக ஓடும் மிக்ஸியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ரெப்ராப்பின் வரைபடங்களும் மென்பொருளும் இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.