மெக்சிக்கோ வளைகுடா இறந்த வலயம்

மெக்சிக்கோ வளைகுடா இறந்த வலயம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா, டெக்சசு மாநிலங்களை ஒட்டிய கடலில் ஒவ்வொரு கோடையிலும் உருவாகும், ஆக்சிசன் மிகவும் குறைந்த அடிநீர்ப் பகுதி ஆகும். ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் 2 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே இறங்கினால் அப்பகுதி இவ்வலயத்தில் சேர்க்கப்படுகிறது. படகில் செல்பவருக்கு இது கண்ணில் படாது. மேல்நீரில் மீன்கள்கூட இருக்கும். அடியை ஒட்டி இழுக்கும் இறால் வலைதான் வெறுமையாக மேலே வரும்.

காரணம்

மிசிசிப்பி ஆறும் அதன் துணையாறுகளும் 31 மாநிலங்களில் பெய்யும் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அயோவா, இல்லினாய் மாநிலங்களின் பரந்த மக்காச்சோள வயல்களும் இதில் அடங்கும். அங்கு நீர் தேங்கும் நிலங்களைச் சாகுபடிக்குக் கொண்டுவர, மண்ணுக்கு அடியில் வடிகுழாய்களைப் பதித்துள்ளனர். பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட்டு, இளவேனில் மழையில் கரைந்து அக்குழாய்கள் வழியே ஓடைகளை அடைகிறது. பாசுபரசு பெரும்பாலும் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மண்ணரிப்பின்போது வருகிறது. நகரக் கழிவுநீருக்கும் பங்குண்டு. ஆனாலும் நைட்ரசனில் பெரும்பங்கு வேளாண்மையிலிருந்தே வருகிறது.

பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிசனை வெளியிடுகிறதே, அது பெருகினால் ஆக்சிசன் கூடத்தானே வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பாசி ஆக்சிசனை வெளியிடுவது வெளிச்சம் படும் மேல்நீரில். அது இறந்து அடியில் படிந்ததும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கின்றன. அதற்கு அடிநீரிலுள்ள ஆக்சிசனைப் பயன்படுத்துகின்றன. ஆற்றிலிருந்து வரும் நன்னீர் இலேசானது, வெயிலில் சூடாகி மேலே மிதக்கும். உப்புநீர் கனமானது, கீழேயே தங்கும். இரண்டும் கலக்காததால் மேலே உள்ள ஆக்சிசன் கீழே போய்ச் சேருவதில்லை. புயலோ இலையுதிர் காலக் காற்றோ கடலைக் கலக்கும்வரை இந்நிலை நீடிக்கும். நீந்தக்கூடிய மீனும் இறாலும் விலகிச் செல்கின்றன. புழுக்களும் சிப்பிகளும் எங்கே போகும்? அவை மடிகின்றன.

பரப்பு

1985 முதல் பெரும்பாலும் சூலை இறுதியில் இவ்வலயம் கப்பலிலிருந்து அளக்கப்படுகிறது. கடல் உயிரியலாளர் நான்சி ரபலே இப்பணியை நீண்டகாலம் முன்னின்று நடத்தினார். கடும் வறட்சி நிலவிய 1988இல் வலயம் ஏறக்குறைய இல்லாமலே போனது. 2017இல் அது 22,720 சதுர கி.மீ. ஆக விரிந்தது, அதுவரை அளந்தவற்றில் அதுவே மிகப் பெரியது.

குறைக்கும் முயற்சி

ஐந்தாண்டுச் சராசரியை 2015க்குள் 5,000 சதுர கி.மீ.க்குக் கீழே கொண்டுவருவது என 2001இல் இலக்கு வைத்தனர். அது எட்டப்படாததால் காலக்கெடு 2035க்குத் தள்ளப்பட்டது. அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம் ஆலைகளின் கழிவுநீர்க் குழாய்க்கு உரிமம் கேட்கிறது. வயலிலிருந்து வடியும் நீருக்குக் கேட்பதில்லை. எனவே குறைப்பு பெரும்பாலும் உழவரின் விருப்பத்தையே சார்ந்திருக்கிறது. உரமிடுபவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார், இழப்பு கடலோர மீனவருக்கு. தாமதத்துக்கு இந்தத் தொலைவே முக்கியக் காரணம் எனலாம்.

கடல் மீளக்கூடியது என்பதற்குக் கருங்கடலின் ஆழம் குறைந்த வடமேற்குப் பகுதி சான்று. தன்யூப் ஆறு கொண்டுவந்த ஊட்டங்களால் அங்கும் 1980களில் மிகப் பெரிய இறந்த வலயம் இருந்தது. சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய அரசுகளும் சரிந்தபின் உர மானியம் நின்று, உரப் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. சில ஆண்டுகளிலேயே அவ்வலயம் பெருமளவு சுருங்கியது. மிசிசிப்பி வடிநிலத்திலோ பல பத்தாண்டுகளாக மண்ணிலும் நிலத்தடி நீரிலும் நைட்ரேட்டு சேர்ந்துள்ளது. உரம் குறைந்த பின்னும் அது ஆற்றில் கசிந்துகொண்டிருக்கும்.