மெஷின் நூல் நிமிடத்துக்கு 3 கி.மீ... கைத்தறி நாளுக்கு 6 செ.மீ! சீனாவின் ‘மேகப் பட்டு’ இன்னும் நெய்யப்படுவது ஏன்?

கிழக்கு சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் இருக்கும் ஷெங்ஸே, ஒரு காலத்தில் பட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். இன்று பாலியெஸ்டர் துணிகளின் பெரிய மையம். அதே மாகாணத்தின் நான்ஜிங் நகரில், பேரரசர்களுக்கு நெய்த ‘யுன்ஜின்’ பட்டை இப்பவும் கையால்தான் நெய்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பாலியெஸ்டர் நூல் எப்படி தயாராகிறது?

டெரிப்தாலிக் அமிலம், எத்திலீன் கிளைக்கால். பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கப்படும் இந்த இரண்டு ரசாயனங்களும் சேர்ந்ததுதான் பாலியெஸ்டர். இதை சுமார் 280 டிகிரி செல்சியஸில் பாகு போல உருக்கி, நுண்ணிய துளைகள் உள்ள தகடு வழியாக அழுத்துவார்கள். இடியாப்பம் பிழிவது மாதிரிதான்! வெளியே வரும் இழைகள் காற்றில் குளிர்ந்து இறுகியதும், நிமிடத்துக்கு சுமார் 3,000 மீட்டர் வேகத்தில் சுற்றப்படும்.

இந்த நூல் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால், தண்ணீரைப் பீய்ச்சி ஊடை நூலைக் கடத்தும் ‘வாட்டர் ஜெட்’ தறிகளில் மளமளவென நெய்துவிடலாம்.

யுன்ஜின் கைத்தறி எப்படி இயங்குகிறது?

யுன்ஜின் என்றால் மேகப் பட்டு. சுமார் 5.6 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம் கொண்ட பிரம்மாண்ட மரத்தறி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் கயிறுகளை இழுத்து, தேவையான பாவு நூல்களைத் தூக்குவார். கீழே இருப்பவர் அந்த இடைவெளியில் ஊடையைக் கோத்து நெய்வார். எந்த நூல் எப்போது தூக்கணும் என்பது முன்பே நூல்களால் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கிட்டத்தட்ட கம்ப்யூட்டர் புரோகிராம் மாதிரி!

பட்டு, தங்க இழை, மயிலிறகு நூல் எல்லாம் சேர்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகள். நுணுக்கங்கள் மறக்காமல் இருக்க பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் நாள் முழுக்க நெய்தாலும் 5 முதல் 6 செ.மீ. துணிதான் கிடைக்கும்.

மெஷினால் முடியாதா?

டிசைனை மெஷினில் நெய்துவிடலாம். ஆனால் சாதாரண மெஷினில் ஊடை நூல் ஒரு கரையில் இருந்து மறு கரை வரை ஓடும். கூடுதலாக ஒவ்வொரு நிறம் சேர்க்கும்போதும் செலவும் எடையும் ஏறும். யுன்ஜின் நெசவாளரோ சின்னச் சின்ன நூல் கட்டைகளால், தேவைப்படும் இடத்தில் மட்டும் நிறம் கொடுப்பார். அதனால் ஒரே வரிசையில் இருக்கும் ஒரே மாதிரிப் பூக்கள்கூட வேறு வேறு நிறத்தில் மலரும்.

அப்போ என்ன சிக்கல்?

1912-ல் சிங் வம்ச ஆட்சி முடிந்ததும், அரண்மனை ஆர்டர்களும் நின்றுபோயின. இந்த நெசவு 2009-ல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. இப்போது உயர் ரக உடைகளும் நினைவுப் பொருட்களும்தான் இதற்கான சந்தை. அங்கேயும் பாலியெஸ்டரில் நெய்த நகல் வந்து நிற்கும். போட்டோவில் பார்த்தால் இரண்டும் ஒண்ணுதான். ஆனால் நெசவாளர் செலவழித்த நாட்களுக்கான கூலியை, நகலின் விலையோடு ஒப்பிடவே முடியாது.

எப்படி கண்டுபிடிப்பது?

துணியின் ஓரத்தில் பிரிந்த ஒரே ஒரு இழையை எடுத்து, கவனமாகக் கொளுத்திப் பாருங்க. பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும். சாம்பலை விரலால் பொடியாக்கலாம். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான மணியாக இறுகிவிடும். ஆனால் இது இழையை மட்டுமே காட்டும். கையால் நெய்ததா என்பதற்கு, பூக்களின் நிறத்தையும் துணியின் பின்பக்கத்தையும் பார்க்கணும்.

குறைந்த விலையில் உடை கிடைக்கச் செய்தது பாலியெஸ்டர்தான், அதில் தப்பில்லை. அதைக் கைத்தறிப் பட்டு என்ற பெயரில் விற்கும்போதுதான் வாங்குபவர், நெசவாளர் இருவருக்குமே நஷ்டம்.