பழைய காருக்கு அடியில் ஒரு சோதனை

20 ஆண்டு ஓடிய காரைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா? மாணவர்களே, பட்டறை பில்லைப் பார்க்கும் முன் காரின் அடிப்பகுதியைப் பாருங்கள். பேட்டரி, பிரேக், ரேடியேட்டர் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. உடற்கூடு அப்படியல்ல. பெரும்பாலான கார்களில் தனிச் சட்டம் கிடையாது; எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த கூடே மோதலின் விசையைத் தாங்குகிறது.

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. அது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் பொருமி உதிர்ந்து, அடியிலுள்ள புது இரும்பையும் காற்றில் காட்டிவிடும். கடலோர உப்புக்காற்றில் இது இன்னும் வேகம். மேலே சாயம் பளபளக்கும் (பலர் ஏமாறுவது இதில்தான்).

சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தைப் பட்டறைக்காரர் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்ப்பார். உள்ளே இறங்கினால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் மாற்றுவதே சரி.